கஸ்ஸான் மலையிலிருந்து திரும்பிய வழி: பாஷோவின் பிரயாண நூலில் உடல்நோவு

1689ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆந் திகதி மாலை, யப்பானின் வடபகுதியிலுள்ள ஹகுரோ மலைச்சாரலில், மினாமிதானி என்னுமிடத்து அமைந்த கோயில் விடுதிக்கு இருவர் திரும்பி வந்தனர். ஒருவர் கவிஞர் மட்சுவோ பாஷோ. மற்றவர் அவருடைய மாணாக்கரான சோரா. முதல்நாள் முழுவதும் மலையேறி, இரவைச் சிகரத்திற் கழித்து, மறுநாள் முழுவதும் நடந்து திரும்பியவர்கள் அவர்கள். அன்றைய செய்திகளைத் தம் நாட்குறிப்பில் வரைந்த சோரா, பொழுது சாயும் வேளையில் விடுதியை அடைந்ததைக் கூறி, பெரிதும் களைத்துப்போனதைக் குறிக்கும் மிகச் சிறிய தொடரொன்றுடன் அந்நாளை முடித்துவிடுகின்றார். யப்பானிய எழுத்தில் அது மூன்றெழுத்து மாத்திரமே. இதே பிரயாணத்தைப் பொருளாகக் கொண்டு பாஷோ இயற்றிய ‘ஒகு நோ ஹொசொமிச்சி’ என்னும் நூலில் அக்களைப்பு இல்லை. களைப்பு மட்டுமன்று, களைப்பைத் தந்த வழியும் அங்கே இல்லை.

‘உள்நாட்டுக்குச் செல்லும் ஒடுங்கிய பாதை’ என்று பொருள்படும் அந்நூல் அளவிற் சிறியது. உரைநடையும் பதினேழசைப் பாக்களும் விரவி வருவது. 1689இல் ஏடோ நகரிலிருந்து, அதாவது இன்றைய ரோக்கியோவிலிருந்து, புறப்பட்டு ஐந்து மாதகாலம் ஏறத்தாழ 2400 கிலோமீற்றர் வழிநடந்த பாஷோ, உடனே இதனை எழுதிவிடவில்லை. பல முறை திருத்தினார். 1996இல் வெளிப்பட்டு, அவர் கைப்படவே எழுதியதெனப் பெரும்பாலோர் கொள்ளும் படியில் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் தாள் ஒட்டித் திருத்தியிருப்பது காணப்படுகின்றது. செம்மையாக எழுதப்பட்ட படி 1694இல் முடிந்தது. அவ்வாண்டிலேயே பாஷோ இறந்தார். நூல் அச்சேறியது 1702இல். சோராவின் நாட்குறிப்போ 1943இலேதான் அச்சிற் பதிப்பிக்கப்பெற்றது. ஆகவே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு காலம் வாசகர் பாஷோவின் சொல்லையே நடந்ததாகக் கொண்டு வந்தனர் எனலாம். சோராவின் ஏடு வெளிவந்தபின் அந்நிலை நீடிக்கவில்லை. நாட்கள் மாறியிருந்தன, தங்கிய ஊர்கள் மாறியிருந்தன, சில நிகழ்ச்சிகள் இடம்பெயர்ந்திருந்தன.

இதனையொட்டி இருவகைப்பட்ட வாசிப்புகள் எழுந்தன. ஒன்று, பாஷோவை உடலைக் கடந்த துறவியாகக் காணும் பழைய வாசிப்பு; நோவும் பசியும் அவருக்கு ஒரு பொருட்டன்று என்பது அதன் துணிபு. மற்றையது, நாட்குறிப்பை ஒரு கையிலும் நூலை மறுகையிலும் வைத்துக்கொண்டு, பொருந்தாத இடங்களை எண்ணி, நூல் பெரும்பாலும் புனைவே என முடிவு கட்டும் வாசிப்பு. முன்னையது நூலை ஒழுங்காக வாசிக்கவில்லை. பாஷோ தம் உடம்பின் துன்பத்தை வெளிப்படையாகவே பேசும் இடங்கள் அதில் உள்ளன. பின்னையது ஒழுங்காக வாசித்ததாயினும் கேட்க வேண்டிய வினாவைக் கேட்கவில்லை. நூல் எங்கே மெய்யிலிருந்து விலகுகின்றது என்று கண்டுபிடிப்பது எளிது. ஏன் அவ்விடத்தில் விலகுகின்றது, அதனாற் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பனவே விமர்சனத்துக்குரிய வினாக்கள். உடல்நோவு வரும் இடங்களை மட்டும் எடுத்து நோக்கினாற்கூட அவ்வினாக்களுக்கு ஓரளவு விடை கிடைக்கின்றது.

பிரயாணத்தின் முதல்நாளிலேயே தோள்வலி வந்துவிடுகின்றது. எலும்பு துருத்திய தோள்களில் ஏற்றிய சுமையே முதல் துன்பம் என்கிறார் பாஷோ. இரவுக் குளிருக்கெனக் காகிதத்தாற் செய்த மேலங்கி, குளித்தபின் அணியும் ஆடை, மழைக்கான போர்வை, மை, தூரிகை ஆகியவற்றோடு, விடைதந்தோர் அன்பினாற் கொடுத்த பொருள்களும் அச்சுமையிற் சேர்ந்துவிட்டன. பின்னவற்றை எறிந்துவிட மனம் வரவில்லை. நெடுவழி நடப்போர் எந்நாட்டவராயினும் இவ்விடத்தைப் படித்ததும் புன்னகை செய்வர். முதல்நாட் சுமை எப்போதும் வேண்டாதவற்றின் சுமையே. இவ்வாறு வருந்திச் சோகா என்னும் ஊரை ஒருவாறு சென்றடைந்ததாக நூல் கூறுகின்றது. ஆனால் அன்றிரவு இருவரும் தங்கியது கசுகாபேயில் என்பது சோராவின் குறிப்பு. ஏடோவிலிருந்து ஒன்பது ‘ரி’க்கு மேல் என்று தொலைவையும் அவர் தருகின்றார். ஒரு ரி என்பது ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர். சோகாவோ அதிற் பாதித் தொலைவையே உடையது. நடந்த தூரத்தைக் கூட்டிச் சொல்வதே பிரயாணிகளின் இயல்பு. பாஷோ குறைத்துச் சொல்கின்றார்! முப்பத்தைந்து கிலோமீற்றர் நடந்தவன் தோள் வலிக்கிறது என்றால் அது நடையின் விளைவு மட்டுமே. பதினைந்து, பதினாறு கிலோமீற்றரிலேயே தளர்ந்துவிட்டான் என்றால், இவன் இன்னும் ஐந்து மாதம் எவ்வாறு நடப்பான் என்ற கவலை வாசகருக்கு எழுகின்றது. அக்கவலையை எழுப்புவதற்காகவே தூரம் குறைக்கப்பட்டிருக்கின்றது.

ஈஸுகா என நூல் கூறும் வெந்நீரூற்று ஊரில் நிகழ்ந்தது இதனினும் கூர்மையானது. குளித்தபின் தங்குவதற்குக் கிடைத்தது மண்தரையிற் பாய்விரித்த ஓர் ஏழை வீடு. விளக்கில்லை, அடுப்பின் வெளிச்சத்திலே படுக்கை விரிக்கப்படுகின்றது. இரவில் இடி முழங்குகின்றது, மழை கொட்டுகின்றது, படுத்த இடத்தின் மேலே கூரை ஒழுகுகின்றது. தெள்ளும் நுளம்பும் கடிக்கின்றன. அவற்றோடு பழைய நோயும் கிளர்ந்தெழ, மூர்ச்சை போகும் நிலைக்கு வந்துவிடுகின்றார். இந்நோய் வயிற்றைப் பற்றியது என்பது பலர் கருத்து. விடிந்ததும் மீண்டும் வழிநடை. இரவின் வேதனை நீங்காமையால் குதிரையொன்றை வாடகைக்கு அமர்த்திக் கோரி என்னும் ஊர்வரை செல்கின்றார். இத்தகைய நோயுடன் இத்துணை நெடுந்தொலைவா என்று ஏங்குகின்றார். பின், உலகைத் துறந்து வந்த யாத்திரையில் வழியிலேயே இறக்க நேரிடின் அது வானத்தின் ஆணை என்று தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். சிறிது ஊக்கம் பிறக்கின்றது. நடை நிமிர்கின்றது. டாதே நாட்டின் பெருவாயிலைக் கடக்கையில் அப்பெயருக்குள்ள மிடுக்கு என்ற பொருளையும் சேர்த்து விளையாட அவருக்கு மனம் வருகின்றது.

சோரா அன்று எழுதியவை: மாலையில் மழை தொடங்கிற்று, இரவில் வலுத்தது, வெந்நீரிற் குளித்தோம். மறுநாள் மழை விட்டபின் புறப்பட்டதாகவும் குறிக்கின்றார். நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழை இரு ஏடுகளிலும் உள்ளது, மூர்ச்சை ஒன்றில் மட்டுமே உள்ளது. இதற்கு மூவகையாகக் காரணம் கற்பிக்கலாம். நோய் வராமலே வந்ததாகப் பாஷோ எழுதியிருக்கலாம். வந்தும் அது எழுதத்தக்கதெனச் சோராவுக்குத் தோன்றாதிருந்திருக்கலாம். அல்லது, பக்கத்திற் படுத்திருந்த மாணாக்கருக்கே தெரியாதபடி ஆசிரியர் நோவை மறைத்திருக்கலாம். மூன்றாவது காரணத்தைப் புனைவு வேட்டையாளர் எண்ணிப் பார்ப்பதில்லை. உடன் நடப்போருக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று வலியை விழுங்குவதும், பின்னொருநாள் தனியே இருந்து எழுதுகையில் அதனைச் சொல்வதும் மனித இயல்புக்கு முரணானவை அல்ல. எதுவாயினும், நூலுக்கு அந்நோய் வேண்டியிருந்தது என்பது தெளிவு. வழியிற் சாகத் துணியும் மனம் வலியற்ற ஓர் இரவிலிருந்து பிறந்ததாகக் காட்டின் அது வெறும் வாய்வேதாந்தமாகவே நின்றிருக்கும்.

இவ்விடத்துத் தமிழ் வாசகருக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. நெடுவழி நடந்த கலைஞரின் உடல் அங்கும் பேசப்படுகின்றது. 583 அடிகளாலான மலைபடுகடாம் மலைவழிகளின் இடர்களை விரித்துரைப்பதோடு, கற்கள் உராய்ந்த விறலியரின் பாதங்களைத் தளர்ந்த நாயின் நாவுக்கு உவமையாக்குகின்றது. அவ்வுவமையின் கடுமையைப் பாஷோவின் நூலில் எங்கும் காண முடியாது. ஆயின் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அங்கே நோகும் கால் விறலியுடையது. அதனைக் கண்டு சொல்பவன் வேறொருவன். வலியைப் பிறர் கண்டு சொல்லும்போது அது மறுக்க முடியாத உண்மையாகிவிடுகின்றது. தானே சொல்லும்போது கேட்பவர் நம்பலாம், நம்பாதும் விடலாம். பாஷோ தம் வலியைத் தாமே சொல்லவேண்டிய நிலையில் இருந்தவர். அவரைக் கண்டு சொல்லக்கூடிய ஒரேயொருவரின் ஏடு 1943 வரை எல்லோருக்கும் கிட்டும்படி வெளிப்படவில்லை.

ஹகுரோ, கஸ்ஸான், யுதொனோ என்னும் மூன்றும் டேவா நாட்டின் புனித மலைகள். மலைத் தவத்தை நெறியாகக் கொண்ட ஷுகெந்தோ வழியினரின் இருப்பிடங்கள் அவை. ஹகுரோ 414 மீற்றர் உயரமே உடையது. கஸ்ஸானோ 1984 மீற்றர். கோடையிலும் பனி கரையாதது. அதன் பெயருக்குத் திங்கள் மலை என்பது பொருள். ஹகுரோவை இம்மையாகவும், கஸ்ஸானைக் கடந்தகாலமும் இறப்புமாகவும், யுதொனோவை எதிர்காலமும் மறுபிறப்புமாகவும் கொள்ளும் மரபு அங்கு உண்டு. யாத்திரிகர் வெள்ளை அணிந்து செல்வதும் இறந்தாரின் கோலத்தைக் குறிப்பதே. இச்செய்தியை இங்கேயே மனங்கொள்வது நலம், பின்னர் வேண்டப்படும்.

எட்டாம் நாள் கஸ்ஸான் ஏறியதாகப் பாஷோ எழுதுகின்றார். சோராவின் கணக்கில் அது சந்திர மாதத்தின் ஆறாம் நாள். கழுத்தில் நோன்புக் கயிறும் தலையில் வெள்ளைத் துணியும் அணிந்து, சுமைதூக்கி வழிகாட்டும் கோரிக்கி ஒருவன் முன்செல்ல, முகிலுக்கும் மூடுபனிக்கும் ஊடாக, பனிக்கட்டி மீது மிதித்து எட்டு ரி தூரம் ஏறினார்கள். கதிரும் மதியும் இயங்கும் வழியின் முகில்வாயிலுக்குள்ளே புகுந்துவிட்டோமோ என்று ஐயுறும் உயரம். மூச்சு நின்றுபோக, உடல் விறைத்துப்போகச் சிகரத்தை அடைகின்றனர். ஞாயிறு மறைந்து திங்கள் தோன்றுகின்றது. மூங்கிற்புல்லைப் பரப்பி, மூங்கிலைத் தலையணையாக்கிப் படுத்து விடியலுக்குக் காத்திருக்கின்றனர்.

இப்பகுதியில் உடல் இரண்டே சொற்களில் வருகின்றது: மூச்சு, விறைப்பு. கால் இல்லை, தோள் இல்லை, முதுகு இல்லை. முதல்நாட் சமவெளியிலேயே தோளைப் பற்றி வருந்தியவர் இங்கே அதனைப் பேசவில்லை. சுமையைக் கோரிக்கி தூக்கினான் என்பது ஒரு விடையாகலாம். எனினும் நூலின் போக்கில் வேறொன்றும் புலப்படுகின்றது. மூச்சடங்குதலும் உடல் குளிர்ந்து விறைத்தலும் களைப்பின் அடையாளங்களல்ல, சாவின் அடையாளங்கள். இறப்பின் மலையில் ஏறியவருக்கு இறந்தோரின் உடல் வாய்த்துவிட்டது. நோகும் உடல் உயிருள்ள உடல்; அதற்கு அச்சிகரத்தில் இடமில்லை.

சோராவின் ஏடு இதே நாளை எவ்வாறு காண்கின்றது? வானிலை நன்று. இன்ன இடத்துக்கு இத்தனை ரி, இன்ன இடத்துக்கு இத்தனை ரி. இன்ன இடம்வரை குதிரை செல்லும். மிதாகஹாராவிற் குடிசையொன்று உண்டு, அங்கே நண்பகலுணவு. அப்பால் வழி கடினம். மாலை மூன்றரை மணியளவிற் சிகரத்தை அடைந்து கோயிலை வணங்கிக் காகுபேயின் குடிசைக்குச் சென்றனர். ஆக, வழிநெடுகக் குடிசைகளும் உணவும் உள்ள யாத்திரைப் பாதை அது. சிகரத்திலும் கூரையின்கீழே படுத்திருக்கின்றனர். இதனைக் கொண்டு பாஷோ பொய்த்தார் என்பார் உளர். மூங்கிற்புற் படுக்கை அக்குடிசைக்குள்ளேயே விரிக்கப்பட்டிருக்கலாம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பாஷோ வெட்டவெளி என்று எங்கும் சொல்லவில்லை. கூரையைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவே. சொல்லாமல் விடுதல் அவருடைய பெரும் ஆற்றல். அது எங்கே அவரைக் கைவிடுகின்றது என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

மறுநாள் விடிந்து முகில் கலைந்தபின் யுதொனோவை நோக்கி இறங்குகின்றனர். வழியில் கொல்லர் உலைக்கூடம் ஒன்று. அப்பகுதியின் புனித நீரில் வாளைத் தோய்த்து, கஸ்ஸான் என்ற பெயர் பொறித்த பழங்காலக் கொல்லரைப் பாஷோ நினைவுகூர்ந்து, அரிய கலைக்கு வேண்டிய விடாமுயற்சியை வியக்கின்றார். அதனையடுத்து வரும் ஒரு சிறு வாக்கியத்தைப் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடுவர். பாறையொன்றில் அமர்ந்து சற்று இளைப்பாறுகையில், மூன்றடி உயரமேயுள்ள செரி மரமொன்றில் மொட்டுகள் பாதி விரிந்திருக்கக் கண்டதாக எழுதுகின்றார். குவிந்த பனியின்கீழ்ப் புதைந்து கிடந்தும் காலந்தாழ்த்தியேனும் பூக்க மறவாத அம்மரத்தின் மீது அவருக்கு இரக்கமும் வியப்பும் எழுகின்றன. பனியில் மலர்ந்த அச்செரியைப் போற்றாத உரையாசிரியர் இல்லை. அவர் அமர்ந்திருந்தார் என்பதே கவனிக்க வேண்டியது. மூன்றடி மரம் நடப்பவன் கண்ணுக்கு உரியதன்று. நடப்பவன் கால்வைக்கும் இடத்தைப் பார்ப்பான்; அல்லது தூரத்து முகட்டைப் பார்ப்பான். முழங்கால் மடங்க முடியாமல் மடங்கிப் பாறையில் விழுந்தவனுக்கே அம்மரம் முகத்துக்கு நேரே நிற்கும். முந்தைய நாள் முழுவதும் ஏறி, குளிரிலே உறங்காமற் கிடந்து, காலையிற் செங்குத்தாக இறங்கத் தொடங்கிய நாற்பத்தைந்து வயது உடலின் களைப்பே அந்த மலரைக் கண்டது. நூலின் இவ்விரு நாட்களிலும் களைப்புக்குக் கிடைத்த ஒரேயிடம் இதுதான். ‘சற்று இளைப்பாறுகையில்’ என்ற அச்சிறு தொடர் இல்லையேல் மலர் எங்கிருந்தோ வந்த அலங்காரமாகியிருக்கும்.

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். முழங்காலையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கமே. உடலின் எடையைத் தாங்கித் தாங்கி விடும் தசை, இழுத்து ஏற்றும் தசையைவிட மிகுதியாகப் புண்படும் என்பதை இன்றைய உடலியலும் ஒப்புகின்றது. அதன் வலி உடனே தோன்றாது; மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படியில் இறங்குபவரை முனக வைக்கும். சோரா காட்டும் இரண்டாம் நாளை இந்த அறிவோடு படித்தல் வேண்டும். காலையிற் கஸ்ஸானிலிருந்து இறங்கினர். நீராடித் தூய்மை செய்யும் இடத்திலே குளித்தனர். வைக்கோற் செருப்பை மாற்றிக்கொண்டு யுதொனோவின் திருமுன்னிலைக்கு இறங்கினர். அங்கிருந்து வேறு வழியாக ஊருக்குச் செல்லவில்லை. வந்த வழியே திரும்பிப் பல நூறு மீற்றர் உயரம் மீண்டும் ஏறி, நண்பகலளவில் அதே கஸ்ஸான் சிகரத்துக்கு வந்தனர். உணவு கொண்டனர். அதன்பின் 1500 மீற்றருக்குக் குறையாத இறக்கம். யாத்திரை முடித்து வருவோரை எதிர்கொள்ளும் வழக்கப்படி, கோவாஷிமிசு என்னும் இடம்வரை உணவுப் பொதிகளுடன் ஆளனுப்பப்பட்டிருந்தது. பொழுதுபட மினாமிதானி, பெருங்களைப்பு.

பாஷோவின் நூலில் இவையனைத்தும் எங்கே? யுதொனோவின் மறைபொருளைப் பிறருக்கு உரைத்தல் யாத்திரிகரின் விதிப்படி தடுக்கப்பட்டது. ஆகவே தூரிகையை நிறுத்துகின்றேன் என்கிறார். அடுத்த வாக்கியத்தில் விடுதிக்குத் திரும்பிவிட்டார். தலைமைக் குருவான எகாகு கேட்டுக்கொண்டபடி மூன்று மலைகளையும் பற்றிய பாக்களைத் தாள்களில் எழுதிக்கொண்டிருக்கின்றார். மெய்யான வழியில் ஒரு நாளின் பெரும்பகுதியைத் தின்றதும், கால்களுக்கு மிகக் கொடியதுமான அந்நடை, ‘திரும்பியதும்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

விதி தடுத்தது என்று சமாதானம் கூறலாம். ஆனால் விதி யுதொனோவின் மறைபொருளுக்கே உரியது. கஸ்ஸானின் மீது திரும்பி ஏறுவதைச் சொல்லாதே என்று எவ்விதியும் இல்லை; முதல்நாள் அதே மலையை ஏறியதை அவர் தடையின்றி எழுதியிருக்கின்றார். சுருக்கம் கருதி விட்டார் எனலாம். சுருக்கத்தை விரும்புபவர் கொல்லருக்கும் செரிக்கும் இடங்கொடுத்திருக்கின்றாரே. உண்மையான காரணம் மூன்று மலைகளின் பொருளமைப்பிலேயே உள்ளதெனக் கொள்ளத் தோன்றுகின்றது. இம்மையிலிருந்து இறப்புக்கு ஏறி, இறப்பிலிருந்து மறுபிறப்புக்கு இறங்குவது யாத்திரையின் வடிவம். மறுபிறப்பு எய்தியவன் மதிய உணவுக்காக மீண்டும் இறப்பின் சிகரத்துக்கு ஏறி வருவதை அவ்வடிவம் தாங்காது. கால்கள் அவ்வாறுதான் நடந்தன. வழி அவ்வாறுதான் அமைந்திருந்தது. ஆனால் பொருள் ஒருதிசைப்பட்டது. வழிக்கும் பொருளுக்கும் முரண் நேர்ந்தபோது பாஷோ பொருளின் பக்கம் நின்றார். அதற்குக் கோயில் விதித்த மௌனம் நல்ல திரையாயிற்று. ஈஸுகாவில் நூலுக்கு வலி வேண்டியிருந்தது, வந்தது. கஸ்ஸானில் வேண்டியதில்லை, போயிற்று. ஈஸுகாவிற் பாஷோ பேச, சோரா பேசவில்லை; கஸ்ஸானிற் சோரா பேச, பாஷோ பேசவில்லை. இருவருள் எவரது ஏடும் தனித்து நின்று அவ்வுடலின் முழுக்கதையைத் தந்துவிடவில்லை.

கலையின் வெற்றி என்று இதனைப் பாராட்டி அமைந்துவிடுவது எளிது. சிகரமும் திங்களும் பனிச்செரியும் கொண்ட அப்பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும் வெட்டியெறிந்ததோடு வேறு சிலவும் போய்விட்டன. பாஷோவின் முழங்கால் நோவு மட்டும் போகவில்லை. கோரிக்கி என்பவன் பெயரில்லாமல் முதல் வாக்கியத்தில் வந்து, மூச்சும் உறைபனியும் தொடங்கியதும் மறைந்துவிடுகின்றான். அவனும் அவ்வெட்டு ரி தூரம் ஏறியவன். வழிகாட்டுதலோடு சுமையும் தாங்கியவன். முதல்நாட் சோகாவில் தோளை அழுத்திய அப்பொருள்கள் மலையில் எவர் தோளை அழுத்தின என்ற வினாவை நூல் எழவிடவில்லை. கோவாஷிமிசு வரை பொதிசுமந்து மேலேறி வந்தவர்களும் திரும்பிய வழியோடு சேர்ந்து போயினர். பாஷோ எளியோரைக் காணாத கவிஞரல்லர். ஷிதோமாயே மலைப்பகுதியில் தெள்ளும் பேனும் கடிக்க, தலைமாட்டிற் குதிரை சிறுநீர் கழிக்கப் படுத்திருந்ததைக் கவிதையாக்கியவர். அடுத்த கணவாயைக் கடக்க உதவிய கட்டுடல் இளைஞனை, அவன் இடுப்பு வாளையும் கைத்தடியையும் கூட மறவாமல் எழுதி, வழிமுடிவில் அவன் அடைந்த ஆறுதலையும் பதிவு செய்தவர். காட்டு வழியில் இளைஞன் ஒருவனுக்குக் கிடைத்த உருவம் புனித மலையில் கோரிக்கிக்குக் கிடைக்கவில்லை. தம் உடலின் நோவை மறைக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. உடன் சுமந்தவன் உடலும் அதே மறைப்புக்குள் சென்றுவிடும்போது, அது அழகின் விலை என்று மட்டும் சொல்லி அமைதல் கடினம். மலை புனிதமாக ஆக, மனிதர் குறைந்துவிடுகின்றனர். இக்குறை பாஷோவுக்கே தனியுரிமையானதன்று என்பது உண்மை. ஆனால் பாஷோவிடம் அது உறுத்துகின்றது, வேறிடங்களில் அவர் காட்டிய கண் அத்தகையது ஆதலால்.

பிரயாணத்தின் பிற்பகுதியில் யமனாகா வெந்நீரூற்றில் சோராவுக்கு வயிற்றுநோய் கண்டது. ஈஸே நாட்டிலுள்ள நாகாஷிமாவுக்கு உறவினரைத் தேடி அவர் முன்னதாகப் புறப்பட்டுவிட்டார். வழியிலே விழுந்தாலும் பூக்களிடையே விழுவேன் என்ற கருத்தில் அவர் எழுதி வைத்துச்சென்ற பாவைப் பாஷோ நூலிற் சேர்த்துள்ளார். சோராவின் நாட்குறிப்பு அதன்பின் தொடர்ந்தாலும், அது சோரா நடந்த வழியின் குறிப்பு. ஆசிரியரின் நாட்களை ஒத்துப்பார்க்க அதன் பின்னர் அவ்வேடு உதவுவதில்லை. அப்பால் வரும் பக்கங்களில் பாஷோவின் உடலைப் பற்றிய பேச்சு ஏறத்தாழ இல்லை. நோவில்லாமையால் இல்லையா, சொல்லாமையால் இல்லையா என்பதை அறிய வழியில்லை. முடிவில் ஓகாகி நகருக்குள் அவர் குதிரையின் உதவியோடு நுழைகின்றார். ‘உதவியோடு’ என்ற சொல் அவருடையதே. சோரா ஈஸேயிலிருந்து வந்து சேர்ந்திருக்கின்றார். நண்பர் பலர் ஒரு வீட்டிற் கூடியிருக்கின்றனர். இறந்து மீண்டவரைக் கண்டாற்போல அவர்கள் மகிழ்ந்தனர், களைப்பாற்றினர் என்று எழுதுகின்றார் பாஷோ. கஸ்ஸானில் இடம்பெறாத களைப்பை இங்கே பிறர் ஆற்றுகின்றனர். பிரயாணத்தின் அயர்வு இன்னும் தீராதிருக்கும்போதே அவர் மீண்டும் படகேறிவிடுகின்றார்.